சொந்தப் பயணத்துக்கு ஏற்றது சிறு விமானமா, காரா?

வானோடி:
இருவர் அல்லது மூவர் சேர்ந்து ஐந்நூறு கிலோமீட்டர் செல்ல வேண்டுமென்றால் காரைவிடச் சிறு விமானமே மேல் என்பது என் கருத்து. நான் பேசுவது தனியார் ஜெட்டைப் பற்றியன்று; 1956 முதல் இன்றுவரை 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டுள்ள செஸ்னா 172 போன்ற, பழையதாகக் கிடைத்தால் நான்கு பேர் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளக்கூடிய, ஒற்றை எஞ்சின் விமானத்தைப் பற்றியே. அது மணிக்குச் சுமார் 220 கி.மீ. வேகத்தில் பறக்கும். சாலை மலையைச் சுற்றும், ஆற்றைக் கடக்கப் பாலம் இருக்கும் இடம்வரை போகும். விமானத்துக்கு அந்தக் கவலை இல்லாததால் சாலையில் 500 கி.மீ. இருக்கும் தொலைவு வானில் பெரும்பாலும் 400 கி.மீ. அளவில் முடிந்துவிடும். காரில் ஆறு மணி நேரம், விமானத்தில் இரண்டு மணி நேரம்.

வழிப்போக்கன்:
அந்த இரண்டு மணி நேரம் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பியது முதல் மீண்டும் தரையைத் தொடும்வரை மட்டுந்தானே? வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். விமானத் தளத்துக்குப் போக அரை மணி. வானிலை அறிக்கை பார்த்து, எண்ணெய் அளவு சோதித்து, இறக்கைத் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் வடித்து, விமானப் பெட்ரோலின் நீல நிறத்துக்கு அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று உற்றுப் பார்த்து முடிக்க முக்கால் மணி. இறங்கிய பின் விமானத்தைக் கயிற்றால் கட்டிப்போட்டு, ஊருக்குள் போக வாடகைக் கார் பிடிக்க இன்னொரு மணி. ஆக நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. மிச்சம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, 200 கி.மீ. பயணமென்றால் அதுவும் இல்லை.

எதிர்க்காற்றையும் நீங்கள் சொல்லவில்லை. மணிக்கு 50 கி.மீ. எதிர்க்காற்றில் உங்கள் 220 தரைக்கணக்கில் 170 ஆகிவிடும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும் என்பீர்கள். ஆனால் எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் பறக்கிறீர்கள் என்பதால், போக வர இரண்டையும் சேர்த்தால் காற்றில்லாத நாளைவிட எப்போதும் நட்டமே.

வானோடி:
மிச்சமாகும் இரண்டு மணி நேரம் வரும்போதும் மிச்சமாகும். வார இறுதிப் பயணத்தில் அது அரை நாள். மேலும், வாகன நெரிசலில் கழியும் ஆறு மணி நேரமும் மேகத்துக்கு மேலே கழியும் இரண்டு மணி நேரமும் உடம்புக்கு ஒன்றல்ல.

கணக்குப்பிள்ளை:
நேரத்தை விடுங்கள், எடைக்கு வருவோம். செஸ்னா 172-இன் இப்போதைய வகை புறப்படும்போது அதிகபட்சம் 1,157 கிலோ இருக்கலாம். தொட்டியை முழுதாக நிரப்பினால் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து மிஞ்சுவது ஏறத்தாழ 250 கிலோ. இருக்கை நான்கு இருந்தாலும், பெரியவர்கள் நால்வர் ஏற வேண்டுமானால் எரிபொருளைக் குறைக்க வேண்டும். மணிக்குச் சுமார் 35 லிட்டர் குடிக்கும் எஞ்சின் அது. உங்கள் 400 கி.மீ.க்கு 60 லிட்டருக்கு மேல் ஆகும். காருக்கு அதில் பாதி போதும். ஆண்டுப் பரிசோதனை, கொட்டகை வாடகை, காப்பீடு, 2,000 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவு ஆகியவற்றை நான் இதில் சேர்க்கவேயில்லை.

பாதுகாப்பு இதைவிட முக்கியம். அமெரிக்காவில், விமான நிறுவனச் சேவைகள் சேராத, சிறு விமானங்களை உள்ளடக்கிய ‘பொது வான்பயணம்’ என்னும் பிரிவில் ஒரு லட்சம் பறப்பு மணிக்குச் சுமார் ஓர் உயிரிழப்பு விபத்து நேர்கிறது. அதாவது மணிக்கு 200 கி.மீ. என்று வைத்தால் இரண்டு கோடி கிலோமீட்டருக்கு ஒன்று. அங்கே சாலையில் ஏறத்தாழ பன்னிரண்டு கோடி கிலோமீட்டருக்கு ஓர் உயிர் போகிறது. விமானப் பயணம் பாதுகாப்பானது என்று நாம் கேட்டுப் பழகியது பெரிய பயணிகள் விமானங்களைப் பற்றி. அந்தப் பெருமையை இதற்கு இரவல் தரக் கூடாது.

வானோடி:
அந்த விபத்துகளில் பெரும்பகுதி விமானியின் முடிவுகளால் நேர்ந்தவை: எரிபொருள் தீர்ந்துபோவது, மோசமான வானிலையில் நுழைவது, எடை மீறுவது. சாலையில் எதிரே வரும் குடிகாரனை நான் தடுக்க முடியாது. வானில் ஆபத்தின் பெரும்பங்கு என் கையில் இருக்கிறது.

வழிப்போக்கன்:
உங்கள் கையில் இருப்பதுதான் எனக்கு அச்சம் தருகிறது. 1999 ஜூலையில், அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் குடும்பத் திருமணம் ஒன்றுக்குப் போகும் வழியில், மனைவியையும் அவருடைய சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, மங்கலான இரவில் கடலுக்கு மேலே பறந்தார். கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதிச் சான்று அவரிடம் இல்லை. திசை மயக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணை முடிவு செய்தது, மூவரும் இறந்தார்கள். திருமணத்துக்குத் தேதி உண்டு, திங்கட்கிழமை அலுவலகத்துக்கு நேரம் உண்டு, வானிலைக்கு இவை எதுவும் தெரியாது. மழை வந்தால் காரை ஓரமாக நிறுத்தித் தேநீர் குடிக்கலாம்.

வானோடி:
அதனால்தான் தேதி தவற முடியாத பயணத்துக்கு நான் காரை எடுக்கிறேன், அல்லது ஒரு நாள் முன்னதாகக் கிளம்புகிறேன்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் உங்களிடம் இருப்பது விமானமும் காரும். காருக்குப் பதிலாக விமானம் என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறதே?

வானோடி:
காரை விற்றுவிடச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டும் வைத்திருப்பவர், வானம் தெளிந்த ஒரு சனிக்கிழமை, காரைப் படகில் ஏற்றி அரை நாள் கடக்க வேண்டிய தீவுக்குப் போக விரும்பினால் எந்தச் சாவியை எடுப்பார் என்பதற்கு நீங்கள் இருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.