பல ஆண்டுகளாக மாற்றாத ஏர் ஃபில்டர்: காற்றடித்தால் போதுமா?

அரியலூர்வாசி கேட்டது:

வணக்கம். 2016-ஆம் ஆண்டு மாடல் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டு மாதங்களுக்கு முன் பழைய வண்டியாக வாங்கினேன். இதுவரை 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்னால்தான் நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு லாரியை முந்த முயலும்போது வண்டி திணறுவதைக் கவனித்து, இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரின் பெட்டியை நானே திறந்து பார்த்தேன். ஃபில்டர் தாளின் மடிப்புகளுக்கிடையே மாவு போல வெண்தூசி அப்பிக் கிடந்தது; பெட்டியின் அடியில் எலி சேர்த்து வைத்த வேர்க்கடலைத் தோலும் தேங்காய் நாரும் இருந்தன. முந்தைய உரிமையாளர் கொடுத்த சர்வீஸ் ரசீதுகள் ஒவ்வொன்றிலும் “ஏர் ஃபில்டர் சுத்தம்” என்று பணம் வாங்கியிருக்கிறார்களே தவிர, புதியது போட்டதாக ஒன்றில்கூட இல்லை. தட்டிக் காற்றடித்துப் போட்டால் இன்னும் பத்தாயிரம் ஓடும் என்று இங்குள்ள மெக்கானிக் சொல்கிறார். அது சரியா? புதியது மாற்றினால் மைலேஜ் கூடுமா?

ஓய்வுபெற்ற மெக்கானிக் எழுதியது:

தம்பி, அதற்குக் காற்றடிக்க வேண்டாம், புதியது வாங்குங்கள். அந்த மடிப்புத்தாள் நுண்ணிய இழைகளால் ஆனது. கம்ப்ரசர் காற்றை நெருக்கமாகப் பிடித்தால் மடிப்பு விரியும், இழை கிழியும், கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அதன் பிறகு வண்டி இலகுவாக ஓடுவது போலத் தோன்றுவதற்குக் காரணம், தூசியும் சேர்ந்தே உள்ளே போவதுதான். அழுக்கேறிய ஃபில்டர் காற்றைத்தான் குறைக்கும். கிழிந்த ஃபில்டரோ இன்ஜினையே தின்றுவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊர்ச் சுண்ணாம்புத்தூள் மென்மையானது. ஆனால் சாலைப் புழுதியில் கலந்துள்ள நுண்மணல் சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. அது பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அராவிவிட்டால், வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும்.

ஆகவே பழைய ஃபில்டரை எடுத்ததும், அதற்கு அப்பால் இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் புழுதி ஒட்டினால், ஃபில்டரைச் சுற்றியோ அதன் வழியாகவோ தூசி ஏற்கெனவே போயிருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஆயில் அளவை வாரந்தோறும் குச்சியில் பார்த்துக் குறித்து வையுங்கள். எலி கூடு கட்டிய பெட்டிக்குள்ளும் காற்றடிக்காதீர்கள். எலியின் சிறுநீரால் நோய் பரவும். கையுறை அணிந்து, குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் அந்த அடைப்புத் துணியை எடுக்க மறக்க வேண்டாம். புதிய ஃபில்டரின் ரப்பர் விளிம்பு நான்கு பக்கமும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பின்னரே கிளிப்புகளைப் பூட்டுங்கள்.

இயந்திரவியல் ஆசிரியர் எழுதியது:

மேலே சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். மைலேஜ் குறித்து மட்டும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் இதில் பலருக்கும் தவறான நம்பிக்கை இருக்கிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் இருந்த காலத்தில் காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடிவிடும். அதனால் அடைபட்ட ஃபில்டர் எரிபொருளை வீணாக்கியது. உங்கள் வண்டியிலோ, உள்ளே வரும் காற்றின் அளவை உணரிகள் மூலம் கணித்து, அதற்கேற்ற பெட்ரோலை மட்டுமே கட்டுப்பாட்டுக் கணினி தெளிக்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைப்பு மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. வேகமெடுக்கும் திறனைத்தான் 6 முதல் 11 சதவீதம் வரை பாதித்தது. நீங்கள் முந்தும்போது உணர்ந்த திணறலுக்கு இது பொருந்துகிறது. மைலேஜ் குறைவாக இருந்தால் டயர் காற்றையும், பிரேக் பிடித்தபடியே சக்கரம் சுழல்கிறதா என்பதையும் பாருங்கள்.

டெல்டா விவசாயி எழுதியது:

என் அனுபவம் டிராக்டரில். எங்கள் பழைய டிராக்டரில் ஆயில் பாத் ஃபில்டர். அடிக்கிண்ணத்தில் உள்ள ஆயிலில் புழுதி படிந்துவிடும். புழுதி உழவு நாட்களில் தினமும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்து, கீழே சேறு திரண்டிருந்தால் கழுவி, கோடு வரைக்கும் மட்டுமே புது ஆயில் ஊற்றுவேன். கோட்டுக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சிவிடும். இவ்வளவு கவனமாக இருந்தும் ஒருமுறை ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது) செய்ய நேர்ந்தது. ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் அடிப்பக்கம் வெடித்திருந்ததை ஒரு பருவம் முழுவதும் நான் பார்க்கவே இல்லை. எலி புகுந்த வண்டி என்கிறீர்கள். அந்தக் குழாயைக் கழற்றி, வளைத்து, வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள் ஐயா.

அரியலூர்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாற்றினேன். பழைய ஃபில்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓர் ஓரத்தில் எலி கடித்த துளை தெரிந்தது. குழாயில் வெடிப்பு இல்லை, ஆனால் விரலில் மெல்லிய புழுதி ஒட்டியது. அன்றே ஆயில் அளவைக் குறித்துக்கொண்டேன். வண்டி இப்போது தயக்கமின்றி வேகமெடுக்கிறது. இன்னொரு சந்தேகம்: அப்பாவின் ஸ்கூட்டரைத் திறந்தால் அதிலுள்ள ஃபில்டர் தாள் எண்ணெய்ப் பசையோடு இருக்கிறது. ஆயில் கசிந்துவிட்டதா?

ஓய்வுபெற்ற மெக்கானிக் எழுதியது:

பல ஸ்கூட்டர்களில் தூசி ஒட்டிக்கொள்வதற்காகவே அந்தப் பசையைத் தடவித் தயாரிக்கிறார்கள், தம்பி. தாள் முழுவதும் ஒரே சீராக இருந்தால் அது கசிவு அன்று. அதைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது. கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பாகவே, உங்கள் ஊர்ப் புழுதிக்கு, மாற்றிவிடுங்கள். அடியில் மட்டும் ஆயில் தேங்கி நின்றால் இன்ஜின் ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.