செட்டிநாட்டு வீட்டில் படுக்கையறையை மாற்றத் திட்டம் போட்டவர்களே, உங்கள் அனுபவம்?

கானாடுகாத்தான் மருமகள்:
தையில் மகனுக்குக் கல்யாணம். நடு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் எங்கள் பங்குக்கு உள்ள அறையை மணமக்களுக்குத் தயார் செய்ய வேண்டும். புது பெயிண்ட், ஏசி, அலமாரி, இவ்வளவுதான் திட்டம். பார்க்க வந்த கான்ட்ராக்டர், "பழைய பூச்சை உரிச்சுட்டு சிமென்ட் பூசினாத்தான் பெயிண்ட் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே உளியால் ஒரு ஓரத்தைத் தட்டிக் காட்டிவிட்டார். கண்ணாடி போல் மின்னும் அந்த வெள்ளைப் பூச்சிலிருந்து ஒரு சில்லு தெறித்து விழுந்தது. மாமியார் ஒன்றும் பேசவில்லை. குனிந்து அதை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டார். அன்றிலிருந்து அந்த அறையைப் பற்றி அவரிடம் பேச்செடுக்கவே முடியவில்லை.

தேவகோட்டைக்காரன்:
அக்கா, உரிக்க விடாதீர்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, நாள் கணக்கில் தேய்த்து ஏற்றிய பளபளப்பு அது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். எங்கள் சித்தப்பா அறையில் பெயிண்டர் அதன் மேல் புட்டி வைத்து எமல்ஷன் பெயிண்ட் அடித்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கொப்புளம். சித்தி ஒன்றை விரலால் அழுத்த, உள்ளேயிருந்து ஈரப்பொடி தலையணையில் கொட்டியது. ஈரம் போக வழியில்லாமல் பூச்சைத் தள்ளியிருக்கிறது. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள் அக்கா, பாதி அழகு அதிலேயே வந்துவிடும்.

பள்ளத்தூர் வாசி:
தேவகோட்டை அண்ணே, நல்ல நிலையில் உள்ள சுவருக்குத்தான் நீங்கள் சொல்வது பொருந்தும். கூரை ஒழுகி, மேல்பூச்சு போய், மணல் உதிர்கிற சுவரைத் துடைத்து என்ன ஆகப்போகிறது? பழைய முறையில் பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு, கூலியும் அதிகம். எல்லாராலும் முடியாது. நாங்கள் உதிர்ந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்புக் கலவை பூசி, மேலே வெள்ளை அடித்தோம். பளபளப்பு இல்லை, ஆனால் உப்பவும் இல்லை.

எனக்கு உறுத்துவது வயரிங். சுவரை வெட்டிப் பைப் புதைக்க எலக்ட்ரீஷியன் மெஷினை ஓட்டப் போனார். கதவு பார்க்க வந்திருந்த ஆசாரி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, இது ஒட்டுப்போட முடியாத சுவரு" என்றார். இருவருக்கும் வாக்குவாதம். கடைசியில் நிலைச்சட்டத்தை ஒட்டி, வெளியே தெரியும்படியே தேக்குப் பட்டையில் வயர் போனது.

மருமகள் அக்கா கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏசி கடையில் தரை அளவை மட்டும் கேட்டு டன் கணக்குச் சொல்வார்கள். நம் கூரை உயரம், அதையும் அளந்து கொடுங்கள். குளிர் நிற்கட்டும் என்று ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்வார்கள், பர்மா தேக்கு உத்தரத்தை மூடிவிடாதீர்கள். கரையான் வந்தாலும் வெளியே தெரியாது. அலமாரியைச் சுவரோடு ஒட்டி அடிக்காமல் கால் வைத்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். வளவைப் பார்த்த கதவைத் தவிர வெளிச்சத்துக்கு வழி குறைவு, அதனால் சுவருக்கு அடர் நிறம் வேண்டாம். ஏசிக்கு ஓட்டை போடுமுன் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெளிச்சுவர் எல்லாருக்கும் பொது.

காரைக்குடி, இப்போது கோவை:
நான் கட்டில் தேடி, பழைய பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். அந்தக் கடைகள் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கடையின் உள்ளறையில் ரோஸ்வுட் கட்டில், நான் நினைத்த அதே அளவு. பக்கத்தில் குவிந்திருந்த பித்தளைப் பாத்திரங்களில் வெட்டியிருந்த எழுத்துகள் எங்கள் பெரியப்பா வீட்டுடையவை. கட்டிலும் அந்த வீட்டிலிருந்து வந்ததாம். அதில் காய்ச்சலோடு படுத்திருந்த பெரியப்பாவை நான் பார்த்திருக்கிறேன். விலை கேட்காமலே வெளியே வந்துவிட்டேன். வாங்கியிருக்க வேண்டும் என்கிறாள் மனைவி. எனக்கு இன்னும் தெளிவில்லை.

தேவகோட்டைக்காரன்:
வாங்குங்கள் அண்ணே. அந்தக் கட்டில் வெளியூர் ஹோட்டலுக்குப் போவதைவிட உங்கள் வீட்டுக்கு வருவது மேல்.

ஆத்தங்குடி பக்கத்தூர்:
தரையைப் பற்றி யாரும் பேசவில்லையே! படுக்கையறைக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்க்கும் தரை ஓடு, வாங்கப் பட்டறைக்குப் போயிருந்தேன். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கரண்டியால் ஒவ்வொரு நிறமாக ஊற்றி, அச்சைத் தூக்கியபோது பூ அப்படியே நின்றது. அறை முழுக்க அந்தப் பூக்கல் கேட்டேன். பட்டறைக்காரர் என் அளவுத் தாளை வாங்கிக் கட்டில் எங்கே என்று கேட்டார். "கட்டிலுக்கு அடியில பூ எதுக்கும்மா? நடுவுல வெறுங்கல்லு போடுங்க, சுத்தி வர பார்டர் வாங்குங்க" என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். தன் விற்பனையைத் தானே குறைத்துக்கொண்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இது சூளையில் சுடாத கல். சிமென்டும் மணலும் தண்ணீரில் ஊறித்தான் இறுகும். பெயிண்டர் தரையில் சொட்டியதை ஆசிட் ஊற்றிக் கழுவ வருவார். விடாதீர்கள், நிறமே போய்விடும். வேலை தொடங்குமுன் சாக்கு விரித்துத் தரையை மூடுங்கள். அப்புறம் தினமும் ஈரத்துணி, எப்போதாவது கொஞ்சம் தேங்காயெண்ணெய், அது போதும்.