பெடல் ஸ்டீல் கிதாருக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர்: இரண்டு 6எல்6 போதுமா, நான்கு வேண்டுமா?

பத்துக்கம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சாதாரண மின்கிதாருக்காக இரண்டு 6வி6 வால்வுகளைக் (வெற்றிடக் குழாய்களைக்) கொண்டு ஏறத்தாழ 12 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நானே கட்டி, மூன்று ஆண்டுகளாகக் குறையின்றி வாசித்து வந்தேன். அண்மையில் ஈ9 சுருதியமைப்புக் கொண்ட பத்துக் கம்பி பெடல் ஸ்டீலை (கிடத்தி வைத்து, கம்பிகள்மேல் உலோகத் துண்டை நகர்த்தி, பெடல்களால் சுரத்தை மாற்றி வாசிக்கும் கிதாரை) பழகத் தொடங்கியதிலிருந்து அதே பெட்டி என்னைச் சோதிக்கிறது. ஒற்றைக் கம்பியை மீட்டினால் ஒலி தெளிவாகவே இருக்கிறது. இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து மீட்டி வால்யூம் பெடலைத் திறந்தால் கரகரக்கிறது. அதிலும் ஏ பெடலை மிதித்து பி சுரத்தை சி ஷார்ப்புக்கு ஏற்றும்போது, அடியில் வேறொரு சுரம் உறுமிக்கொண்டே கீழிறங்குவதுபோல் கேட்கிறது.

ஆகவே புதிதாக ஒன்று கட்ட எண்ணுகிறேன். வெளியீட்டுக்கு 6வி6ஐவிட வலுவான 6எல்6ஜிசி வால்வுகள் இரண்டு போதுமா, நான்கு வேண்டுமா? மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபயராகவும் வால்வையே வைத்துக்கொள்ளலாமா? எல்லோரும் 15 அங்குல ஸ்பீக்கரையே பரிந்துரைப்பதற்குக் காரணம் என்ன?

பழையவால்வு எழுதியது:

நீங்கள் கேட்ட உறுமல் கற்பனையன்று. சமச் சுருதிக் கணக்கில் ஐந்தாம் கம்பியின் பி 246.9 ஹெர்ட்ஸ், நான்காம் கம்பியின் ஈ 329.6 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபயரில் அலையின் வடிவம் சிதையும் ஒரு கட்டத்தின் வழியே இவ்விரண்டும் சேர்ந்து செல்லும்போது, அவற்றின் வேறுபாடான 82.7 ஹெர்ட்ஸ் தனிச் சுரமாகப் பிறக்கிறது. அது ஈக்கு இரண்டு ஸ்தாயி கீழே ஒட்டிக்கொள்வதால் காதை உறுத்துவதில்லை. பெடலை மிதித்து பி 277.2 ஹெர்ட்ஸான சி ஷார்ப்பாக உயரும்போது அந்த வேறுபாடு 52.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. மேலே சுரம் ஏற, அடியில் பேய்ச்சுரம் இறங்குகிறது. ராக் கிதார் வாசிப்பவர் விரும்பித் தேடும் சிதைவு பெடல் ஸ்டீலுக்கு ஒவ்வாமல் போவதற்கு முதன்மையான காரணம் இதுவே என்பது என் கருத்து.

அடுத்து, வால்யூம் பெடலைப் பாதி மூடிய நிலையில் மீட்டி, சுரம் தேயத் தேயத் திறந்துகொண்டே போவதுதான் இக்கருவியின் வாசிப்பு முறை. பாதித் திறப்பிலேயே போதுமான ஒலி தரும்படி அமைக்கப்பட்ட ஆம்ப்ளிஃபயர், முழுத் திறப்பில் ஒரு நாண் விழுந்தாலும் கலங்காத அளவுக்குக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும். வாட் இரு மடங்கானால் கிடைப்பது 3 டெசிபெல்தான். உங்கள் 12 வாட்டிலிருந்து இரண்டு 6எல்6ஜிசி தரும் 40 வாட்டுக்குப் போவது 5 டெசிபெல், நான்கு தரும் 85 வாட்டுக்குப் போவது 8.5 டெசிபெல். ஃபெண்டர் நிறுவனத்தின் 85 வாட் ட்வின் ரிவெர்ப் ஆம்ப்ளிஃபயர் பல ஸ்டீல் கலைஞர்களிடம் நிலைத்துவிட்டதில் வியப்பில்லை. பிறருடன் சேர்ந்து வாசிப்பதாக இருந்தால் நான்கு என்றே சொல்வேன். அறைக்குள் மட்டும் என்றால் இரண்டே போதும்.

ரெக்டிஃபயர் விஷயத்தில் தயங்காமல் சிலிக்கான் டயோடுக்கு மாறுங்கள். 5யு4ஜிபி போன்ற வால்வு, மின்னோட்டம் கூடும்போது பல பத்து வோல்ட்டைத் தானே விழுங்கிவிடும். வலுவாக மீட்டும் அந்தக் கணத்தில்தான் உங்களுக்கு முழு வோல்ட் தேவை.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். நான்கு 6எல்6ஜிசிக்குப் பிளேட்டிலிருந்து (வால்வின் வெளியீட்டு முனையிலிருந்து) பிளேட்டுக்கு ஏறத்தாழ 2,000 ஓம், இரண்டுக்கு 4,000 ஓம். வாங்கும்போது வாட் அளவை மட்டும் கேட்காமல், எவ்வளவு தாழ்ந்த அதிர்வெண் வரை முழு வாட்டையும் தாங்கும் என்று கேளுங்கள். பிற்காலத்தில் சி6 சுருதிக்குப் போனால் அடிக் கம்பி 65 ஹெர்ட்ஸ். அங்கே டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கரு அதற்குமேல் காந்தமேற முடியாமல் நிறைந்துபோனால் வால்வை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

ஈயப்பற்று எழுதியது:

மேலே சொன்னவை சரியே. ஆனால் பழி முழுவதையும் வெளியீட்டு வால்வுகளின்மேல் போடுமுன் ஒன்றைச் சோதியுங்கள். ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழை மிகவும் குறைத்து, பெடலை முழுவதும் திறந்து, மூன்று கம்பிகளை வலுவாக மீட்டுங்கள். அப்போதும் கரகரத்தால் குற்றவாளி முதல் வால்வு. குமிழ் அதற்குப் பின்னால் இருப்பதால் நான்கு அல்ல, எட்டு 6எல்6 போட்டாலும் அது திருந்தாது. 1,500 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் கொண்ட வழக்கமான 12ஏஎக்ஸ்7 முதல் வால்வுக் கட்டத்தில் கேத்தோடு (எலெக்ட்ரான்களை உமிழும் முனை) வோல்ட் 1.5 அளவிலேயே நிற்கிறது. வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டுக்கு வரும் அலையின் உச்சம் அதைத் தாண்டினால் தலை வெட்டுப்படும். கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் ஸ்டீல் கிதார் பிக்கப்புகளில் கம்பிச் சுற்று அதிகம், விரலிலோ உலோகப் பிக். அந்த எல்லையை எட்டுவது கடினமன்று.

அப்படியானால் பெருக்க எண் 100 உள்ள 12ஏஎக்ஸ்7க்குப் பதிலாக 44 உள்ள 12ஏஒய்7ஐச் செருகிப் பாருங்கள்; கால் அமைப்பு ஒன்றே, எதையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டியதில்லை. புதிய பெட்டியில் வால்யூம் குமிழுக்குக் குறுக்கே வைக்கும் மேல் அதிர்வெண்களைத் தூக்கிக்காட்டும் 120 பிகோஃபாரட் பிரைட் கெபாசிட்டரையும் விட்டுவிடுங்கள். மேல் கம்பிகளில் ஏற்கெனவே கூர்மை தேவைக்கு மேல் இருக்கிறது.

ஸ்பீக்கரைப் பற்றி வேடிக்கையான செய்தி ஒன்று. ஈ9இன் அடிக் கம்பி 123 ஹெர்ட்ஸ். சாதாரண கிதாரின் 82 ஹெர்ட்ஸைவிட அது உயரம். ஆகவே 15 அங்குலம் வேண்டுவது அடித்தொனிக்காக மட்டும் அன்று. பெரிய கூம்பு மேல் அதிர்வெண்களைச் சற்று விழுங்கி, நடுப்பகுதிக்குச் சதைப்பிடிப்பைத் தருகிறது. எடையை எண்ணி நான் 12 அங்குலத்தில் ஓராண்டு பிடிவாதமாக வாசித்துப் பார்த்துவிட்டு, முதுகுவலியையே தேர்ந்தெடுத்தேன்.

பத்துக்கம்பி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சோதித்துப் பார்த்தேன். குமிழைக் குறைத்தால் கரகரப்பு முற்றிலும் மறைகிறது. ஆகவே முதல் வால்வு தப்பித்தது. நான்கு 6எல்6ஜிசி, சிலிக்கான் டயோடு, 15 அங்குலம் என முடிவு செய்துவிட்டேன். ஆனால் இதுவரை 350 வோல்ட்டுக்கு மேல் நான் கைவைத்ததில்லை. பையஸ் (மீட்டாதபோது வெளியீட்டு வால்வில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் கிரிட் வோல்ட்) அமைப்பதிலும் முதன்முறை மின்சாரம் கொடுப்பதிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

பழையவால்வு எழுதியது:

பிளேட்டில் 450 வோல்ட் என்று கொள்வோம். 6எல்6ஜிசி தாங்கும் வெப்பம் 30 வாட். அதன் 70 விழுக்காடான 21 வாட்டுக்கு ஒரு வால்வுக்கு 46 மில்லிஆம்பியர் வரும். அதை இலக்காக அன்றி எல்லையாகவே கொள்ளுங்கள். நான் 35 மில்லிஆம்பியரில் நிறுத்துவேன். தெளிவு குறைவதில்லை, வால்வும் நெடுநாள் உழைக்கும்.

வால்வுகள் சூடேறுமுன் டயோடு தரும் வோல்ட் 500ஐத் தாண்டக்கூடும் என்பதால், முதல் வடிகட்டியில் 350 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் இரண்டைத் தொடரில் இணைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 2,20,000 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அவை வோல்ட்டைச் சமமாகப் பங்கிடும், அணைத்தபின் மின்னூட்டத்தையும் வடிக்கும். ஆனால் வடிவதற்கு நேரம் பிடிக்கும்: இந்த ஒரு கட்டத்தில் மட்டுமே ஒரு நிமிடம் கழிந்தும் 30 வோல்ட் அளவு மிஞ்சும், பின்கட்டக் கெபாசிட்டர்களும் சேர்ந்தால் இன்னும் தாமதமாகும். மீட்டரில் பார்க்காமல் விரலை உள்ளே விடாதீர்கள்.

முதன்முறை, பழைய இழை பல்பு ஒன்றை வீட்டு மின்னிணைப்புக்கும் பெட்டிக்கும் இடையே தொடரில் வைத்து, வால்வுகள் இல்லாமல் மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நலம், பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணையுங்கள். பிறகு வெளியீட்டு வால்வுகளின் கிரிட்டுகளில் எதிர்மின் வோல்ட் உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று அளந்தபின்பே அவற்றைச் செருகுங்கள். ஸ்பீக்கரோ அதற்கீடான சுமை ரெசிஸ்டரோ இணைக்கப்படாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். வெளியீட்டின் ஒரு பங்கைச் சிதைவு குறையும்படி முன்கட்டத்துக்குத் திருப்பும் எதிர்ப் பின்னூட்டக் கம்பியைக் கடைசியில் இணையுங்கள். இணைத்தவுடன் ஊளையிட்டால் அணைத்து, மின்னூட்டம் வடிந்தபின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிளேட்டுகளுக்குப் போகும் இரு கம்பிகளை இடம் மாற்றுங்கள்.