கையில் பணம் குறைவு: சந்தை அறிக்கையை வாங்கலாமா, நாமே தேடலாமா?

முதல்படி:
சிறு கடைகளுக்கான சரக்குக் கணக்குச் செயலி செய்கிறோம், இரண்டே பேர். சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று அறிய ஓர் ஆய்வறிக்கை வாங்கலாம் என்கிறார் கூட்டாளி. அதன் விலை எங்கள் இரண்டு மாதச் செலவு. எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

எறும்பு:
வாங்காதீர்கள். நான் ஒருமுறை வாங்கி ஏமாந்தேன். ஐந்தாண்டில் சந்தை எவ்வளவு பெருகும் என்று பக்கம் பக்கமாக வரைபடம் இருந்தது. யார் வாங்குகிறார்கள், ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. மக்கள் கூகுளில் எதை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் இலவசம். போட்டிச் செயலிகளுக்கு வந்த ஒற்றை நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கை அந்நாட்டு அரசின் எட்கர் (EDGAR) தளத்தில் கிடைக்கும். அதில் 'இடர்கள்' பகுதியை விடாதீர்கள். எதைக் கண்டு பயப்படுகிறோம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள்.

துலாக்கோல்:
டிரெண்ட்ஸை நம்பி இறங்குவது ஆபத்து, எறும்பு. தேடல் உச்சம் தொட்ட நேரத்தை 100 என்று வைத்து, மற்றதை அதோடு ஒப்பிட்டுத்தான் அது காட்டும். தேடியவர்கள் ஆயிரம் பேரா, பத்து லட்சம் பேரா, தெரியாது. கூகுளே 2008இல் தேடல்களை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணிக்கத் தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தின் உச்சத்தில் அந்தக் கணிப்பு, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. 2015இல் நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கே அந்தக் கதி!

எறும்பு:
சரி, டிரெண்ட்ஸ் மட்டும் போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் கொட்டினால் மட்டும் சரியாகிவிடுமா? 1985இல் கோகோ கோலா சுமார் இரண்டு லட்சம் பேரைச் சுவைக்க வைத்த பிறகுதான் புதிய கோக்கை இறக்கியது. 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எது ருசி என்று கேட்டார்கள். பழையது இல்லாமல் போனால் மக்களுக்கு எப்படி இருக்கும் என்பதற்கு உரிய எடை கொடுக்கவில்லை.

துலாக்கோல்:
அதற்காகத் தெரிந்த பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு 'சந்தை இப்படி' என்று சொல்ல முடியாதே. சீரற்ற முறையில் 100 பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலே விடை 10 சதவீதப் புள்ளி அங்கே இங்கே போகும். அதை 5 ஆக்க 400 பேர் வேண்டும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைப்பு. அதற்குத்தான் காசு.

எறும்பு:
அவருக்கு இப்போது சதவீதம் எதற்கு? ஒருவராவது காசு கொடுப்பாரா என்பதுதான் கேள்வி. ஜாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன் 1999இல் கடைகளில் இருந்த காலணிகளைப் படமெடுத்துத் தளத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடையில் வாங்கி அனுப்பினார். லாபம் இல்லை. ஆனால் இணையத்தில் காலணி விற்கும் என்பது கிடங்கு கட்டாமலே தெரிந்துபோனது.

துலாக்கோல்:
அது இன்றைய தேவையைக் காட்டும், நாளைய போக்கைக் காட்டாது. முதலீட்டாளர் சந்தையின் அளவைக் கேட்பார், அப்போது அறிக்கை வேண்டும். முதல்படி, வாங்கும் முன் பெரிய பொது நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். சில நூலகங்கள் இப்படிப்பட்ட அறிக்கைகளுக்குச் சந்தா கட்டி வைத்திருக்கும்.

முதல்படி:
நூலகம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. கூட்டாளி துலாக்கோல் பக்கம் நிற்கிறார், அவர் அங்கே போகட்டும். நான் இந்த வாரம் பன்னிரண்டு கடைக்காரர்களைப் பார்க்கிறேன்.

எறும்பு:
போகும்போது செயலியைப் பற்றிப் பேசாதீர்கள். முகத்துக்கு நேரே நல்லதாகத்தான் சொல்வார்கள். போன மாதம் சரக்குக் கணக்கு எங்கே இடித்தது, அதைச் சரிசெய்ய எவ்வளவு செலவழித்தார்கள் என்று மட்டும் கேளுங்கள்.