ஆட்டோ கட்டணக் கணக்கு: விடையில அந்த 36 எங்கே போச்சு?

அல்சூர் அம்மா
வணக்கம். பொண்ணு பத்தாவது. சமன்பாடாக் கொடுத்தா மளமளன்னு போட்டுடுறா. வாக்கியக் கணக்குன்னா முதல் வரியிலேயே சறுக்குறா. இப்ப சிக்கினது இது: பெங்களூரு ஆட்டோவில் முதல் 2 கி.மீ.க்கு 36 ரூபாய், அதுக்கு மேல கி.மீ.க்கு 18. தூரம் 'தூ', கட்டணம் 'க'. சமன்பாடு எழுதிக் கோடு வரையணும். அவ எழுதினது க = 36 + 18தூ. விடை க = 18தூ. அப்படின்னா கோடு ஆதிப்புள்ளி வழியாப் போகுதே, 36 என்ன ஆச்சு? ரெண்டு இலக்க எண் கணக்கும் அவளுக்குத் தகராறுதான்.

ஜெயநகர் கணக்கு
மேடம், முதல்ல 5 கி.மீ.க்குக் கையால போட்டுப் பாக்கச் சொல்லுங்க. முதல் 2-க்கு 36, மிச்சம் 3-க்கு 54, மொத்தம் 90. அவ சமன்பாட்டில 126 வருது. முதல் 2 கி.மீ.க்கு ரெண்டு தடவை காசு சேர்ந்துடுச்சு. சரியானது க = 36 + 18(தூ − 2). அடைப்பைப் பிரிச்சா 36 + 18தூ − 36. 36, 18-இன் இருமடங்கா அமைஞ்சதாலதான் அடிபட்டுப் போகுது.

ஆனா தூ ≥ 2-ன்னு பக்கத்துல எழுதியே ஆகணும். அதுக்குக் குறைஞ்ச தூரத்துக்கு 36 உயரத்தில படுக்கைக் கோடு. (2, 36)-இல் இருந்துதான் சாய்வு 18 உள்ள கோடு கிளம்பும். ஆதிப்புள்ளி வரைக்கும் நீட்டணும்னா புள்ளிக்கோடாப் போடுங்க.

யஷ்வந்த்பூர் வாசி
இதோட டெல்லி கட்டணத்தையும் போட்டுப் பாருங்க, எல்லை எழுதுறது ஏன் முக்கியம்னு புரியும். 2023 ஜனவரியில கட்டணம் மாறினதுக்கு அப்புறம் அங்க முதல் 1.5 கி.மீ.க்கு 30 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 11. க = 30 + 11(தூ − 1.5) = 11தூ + 13.5. ரெண்டு கோடும் எங்கே வெட்டுது? 18தூ = 11தூ + 13.5, தூ ஏறக்குறைய 1.93. விடை வந்துடுச்சுன்னு நிறுத்தினா தப்பு. பெங்களூரு சமன்பாடு 2-க்கு மேலதான் செல்லும். 1.93 கி.மீ.க்கு இங்க 36, அங்க 34.73. 2 கி.மீ.க்கும் 36, 35.50. அதுக்கப்புறம் இடைவெளி கூடிக்கிட்டேதான் போகும். நிஜத்தில ரெண்டும் சந்திக்கவே இல்ல.

மல்லேஸ்வரம் டியூஷன்
இலக்கக் கணக்குக்கு வரேன். பத்தாம் இடம் 'ப', ஒன்றாம் இடம் 'ஒ'ன்னா எண் 10ப + ஒ. பிள்ளைங்க பஒ-ன்னு ஒட்டி எழுதிடுவாங்க, அது பெருக்கலாயிடும். இலக்கங்களின் கூடுதல் 12, திருப்பிப் போட்டா 18 கூடுதுன்னா: (10ஒ + ப) − (10ப + ஒ) = 9(ஒ − ப) = 18. ஒ − ப = 2, ஒ + ப = 12. எண் 57. திருப்பினா 75, வித்தியாசம் 18, சரி. அந்த வித்தியாசம் 9-ஆல் வகுபடலைன்னா கணக்கை எழுதினதிலேயே பிழை.

இன்னொண்ணு, 'ஃபைவ் லெஸ் தேன் ட்வைஸ் அ நம்பர்'னு படிச்சதும் கை 5-ஐ முதல்ல எழுதிடும், 5 − 2எ ஆயிடும். அதையே தமிழ்ல சொல்லச் சொல்லுங்க: 'ஓர் எண்ணின் இருமடங்கை விட 5 குறைவு'. 2எ − 5, சொன்ன வரிசையிலேயே வந்துடும்.

அல்சூர் அம்மா
ரொம்ப நன்றி. ராத்திரி 10 மணிக்கு மேல ஒன்றரை மடங்குன்னா க = 18தூ + 9 தானே? அப்படித்தான் எழுதியிருக்கா.

ஜெயநகர் கணக்கு
இல்லைங்க, மொத்தத் தொகையையும் பெருக்கணும். 1.5 × 18தூ = 27தூ, தூ ≥ 2. கோடு (2, 54)-இல் ஆரம்பிக்கும். 5 கி.மீ.க்கு 135, 90-உம் அதில் பாதி 45-உம் சேர்த்துப் பாருங்க.