"தம் அடிப்பீங்களா?": மூளைத் தூண்டல் ஆய்வுக்குப் போனவர்களின் அனுபவங்கள்

டிஎம்எஸ் (தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது), டிடிசிஎஸ் (மெல்லிய மின்சாரத்தால் தூண்டுவது) ஆய்வுகளுக்குத் தன்னார்வலராகப் போனவர்களும் அவற்றை நடத்தியவர்களும் இங்கே எழுதுங்கள். சிகரெட், குடி, கஞ்சா பற்றிக் கேட்டபோது என்ன நடந்தது? நானே தொடங்குகிறேன்.

ஜெர்மனியில் படித்தபோது ஓர் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். தலைமேல் காயிலை (கம்பிச்சுருளை) வைத்து ஒரு காந்தத் துடிப்பு கொடுத்தால் எதிர்ப்பக்கக் கைவிரல் துள்ளும். அந்தத் துள்ளலை அளந்துகொள்வோம். பிறகு டிடிசிஎஸ் மூலம் மெல்லிய மின்சாரத்தைச் சில நிமிடம் செலுத்திவிட்டு, துள்ளல் கூடியதா குறைந்ததா என்று மறுபடி அளப்போம்.

ஒருநாள் நம்மூர்ப் பையன் ஒருவன் வந்தான். தினமும் புகைப்பவன். "உங்க ஆராய்ச்சி கெட்டுடக் கூடாதுன்னு நேத்து ராத்திரியில இருந்து தொடவே இல்லக்கா" என்றான், பெருமையாக. அன்றைய பதிவையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

காரணம் இதுதான். புகைக்காதவர்களுக்குத் தோலில் நிகோடின் பட்டை (பேட்ச்) ஒட்டி டிடிசிஎஸ் கொடுத்தால் வழக்கமாக வரவேண்டிய மாற்றம் காணாமல் போகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகக் குழு 2011இல் இதைக் காட்டியது (முதல் ஆசிரியர் பெயர் திருஞானசம்பந்தம் என்று பார்த்ததும் ஒரு சின்ன சந்தோஷம்). 2012இல் அதே குழு புகைப்பவர்களைப் பார்த்தது. அங்கே கதை தலைகீழ்: சிகரெட்டை நிறுத்திவைத்த நிலையில் துள்ளலைக் கூட்டும் விளைவு வரவில்லை; நிகோடின் கொடுத்ததும் திரும்பியது. ஆக, அந்தப் பையன் மரியாதைக்காகச் செய்த பட்டினியே அளவீட்டை மாற்றிவிடும். வழக்கம்போலப் புகைத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினோம்.

---

அக்கா, நான் தன்னார்வலராகப் போனவன். படிவத்தில் "எவ்வளவு குடிப்பீர்கள்" என்று பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது, ஏதோ பெண் பார்க்கப் போன வீட்டில் விசாரிப்பதுபோல. அங்கிருந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும், அந்த நேரத்தில் டிஎம்எஸ் கொடுப்பது ஆபத்து.

அப்புறம் தேடிப் படித்தேன். ஸீமன் (Ziemann) என்ற ஆய்வாளரின் குழு 1995இல் செய்த ஆய்வில், மது உள்ளே போனதும் மூளைப் புறணியின் (மூளையின் மேலடுக்கின்) தடுப்பு வேலை, அதாவது நரம்புகளின் துடிப்பை அடக்கிவைக்கும் வேலை, அதிகமாகிறது. ஆனால் விரலைத் துள்ளவைக்கத் தேவையான காந்தத் துடிப்பின் குறைந்தபட்ச வலிமை மாறவே இல்லை. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் ஆள் தெளிவாக இருக்கிறார் என்றே தோன்றும். கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டும், சரி.

---

நான் இந்தியாவில் இந்த வேலை பார்க்கிறேன். இங்கே பிரச்சினை வேறு. அப்பா பக்கத்தில் நிற்கும்போது "கஞ்சா உண்டா?" என்றால் எந்தப் பையன் ஆமாம் என்பான்? சட்டப் பயம் வேறு. ஆனால் கஞ்சா புகைப்பவர்களிடம் அதே புறணித் தடுப்பு குறைவாக இருப்பதாக 2009இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. மறைத்தால் எங்கள் ஒப்பீட்டுக் குழுவே கலங்கிப்போகும். சிறுநீர்ப் பரிசோதனையும் முழுத் தீர்வு இல்லை: தொடர்ந்து புகைத்தவருக்கு நிறுத்திச் சில வாரம் ஆனபின்னும் பாசிட்டிவ் காட்டலாம். நேற்றா, போன மாதமா என்று அது சொல்லாது. இப்போது உறவினரை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. "சிகரெட் பிடிப்பீங்களா?" என்றால் "இல்லவே இல்ல சார்" என்பார்கள். பொய்யும் இல்லை. உதட்டுக்குள் கூல் லிப் (புகையிலைப் பொட்டலம்) இருக்கும்! வாயில் அடக்கினாலும் நிகோடின் நிகோடின்தான். வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே மொழிபெயர்த்து வைத்தால் இது சிக்காது. ஹான்ஸ், கூல் லிப், வெற்றிலையோடு புகையிலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். கடைசியாக எப்போது என்று மணிக்கணக்கையும் எழுதிக்கொள்கிறேன்.

---

தம்பி, அந்தக் கேள்விப் பட்டியலை இங்கே போட முடியுமா? மூக்குப்பொடி சேர்த்திருக்கிறீர்களா?