‘லீன்’, ‘ரிச்’ கலவைகளுக்குத் தமிழ்: குறைகலவை, நிறைகலவை, மிகுகலவை

அனைவருக்கும் வணக்கம்.

பைக் பழுதுநீக்கக் கையேட்டுக்காகத் தமிழ்ச் சொற்களைத் தேடிவருகிறோம். அதில், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளித்துத் தரும் இன்ஜெக்டருக்குப் ‘பீச்சி’ என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ‘உட்செலுத்தி’ என்றும் சிலர் எழுதியிருந்தீர்கள், ஆனால் அது ஊசிமருந்தைத்தான் நினைவுபடுத்துகிறது. நுண்துளை வழியாக அழுத்தத்தோடு தெறிக்கும் பெட்ரோலுக்குப் பீச்சுதல்தான் பொருத்தம், பால் பீச்சுவது, பீச்சாங்குழல் என்று வழக்கிலும் இருக்கிற சொல். அது போகட்டும். இன்னும் முடிவாகாமல் கிடப்பது ‘லீன் மிக்சர்’, ‘ரிச் மிக்சர்’ இரண்டும்தான், அதாவது காற்றோடு சேரும் பெட்ரோல் தேவைக்குக் குறைந்த கலவையும் தேவைக்கு மிஞ்சிய கலவையும். 150 சிசி பைக் ஒன்று இழுக்கவில்லை, மைலேஜ் தரவில்லை, ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தால் சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கிறது என்று வந்து நின்றால், இந்த இரண்டில் எது என்பதுதான் முதலில் எழும் கேள்வி. அதனால் இதில் அவசரப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இதுவரை வந்தவை ‘மெலிந்த கலவை – செறிந்த கலவை’, ‘வறிய கலவை – வளமான கலவை’ என்ற இரண்டு இணைகள். இரண்டாவது நேர் மொழிபெயர்ப்பு. ஏழை, பணக்காரன் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. முதலாவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பார்வைக்கு அது நன்றாகவே இருக்கிறது.

செறிவு என்பது பள்ளி வேதியியலில் ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். ஒரு குறிப்பிட்ட அளவு கரைசலில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்பதுதான் செறிவு. ரிச், லீன் என்பவை அப்படிப்பட்ட அளவுகள் அல்ல, அவை தேவையை ஒட்டியவை. எத்தனால் கலக்காத பெட்ரோல் முழுதாக எரிய 1 கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராம் போதும், அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் ஊற்றுகிற இ20 பெட்ரோலில் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், ஆக அதற்குச் சுமார் 13.5 கிராம் காற்று. சரி, இப்போது ஒரு எஞ்சினுக்குள் 14-க்கு 1 என்ற கலவை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்ரோலாக இருந்தால் அது ரிச். இ20 ஆக இருந்தால் அதே 14-க்கு 1 லீன். கலவையின் செறிவு மாறவே இல்லை, பெயர் மட்டும் தலைகீழாகிவிட்டது. ஆகவே செறிவு, அடர்த்தி, மெலிவு என்ற வழியில் போகும் எந்தச் சொல்லும் இங்கே தாங்காது. இருக்கிற காற்றை முழுக்கச் செலவழிக்கத் தேவையான பெட்ரோல் வந்ததா, குறைந்ததா, மிஞ்சியதா என்பதைத்தான் சொல் காட்ட வேண்டும்.

பட்டறைகளில் இதைத்தான் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கார்பரேட்டர் நாளிலேயே ‘பெட்ரோல் கம்மியா போகுது’, ‘ஓவரா போகுது’ என்பதுதான் பேச்சு. ஓவர் என்றால் வேண்டியதற்கு மேல். அந்த மெக்கானிக் செறிவைப் பற்றிப் பேசவில்லை, தேவையைப் பற்றித்தான் பேசினார். நாம் அந்த வழியையே பிடித்துக்கொண்டு குறைகலவை, நிறைகலவை, மிகுகலவை என்று மூன்றாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. லாம்டா என்பது உள்ளே போகும் காற்றைத் தேவையான காற்றால் வகுத்தால் வரும் எண். லாம்டா 1 என்பது நிறைகலவை, 1-க்கு மேல் குறைகலவை, 1-க்குக் கீழ் மிகுகலவை. இ20 வந்தாலும் நாளைக்கு வேறொன்று வந்தாலும் சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

மூன்றும் வினைத்தொகை, அதனால் நடுவில் ஒற்று மிகாது. ‘மிகைக்கலவை’ என்று எழுதலாமே என்று கேட்கக்கூடும். தவறில்லை, ஆனால் மூன்றும் ஒரே அச்சில் நிற்பது மாணவர்களுக்கு உதவும். ‘குறைகடத்தி’யைக் குழப்பமில்லாமல் படித்துப் பழகிய தலைமுறைக்குக் குறைகலவை புதிதாக இருக்காது. ‘நிறை’ இயற்பியலில் வேறு பொருளில் வருகிறதே என்ற தடை நியாயமானது, நானும் அதை யோசித்தேன். ஆனால் நிறைகுடம், நிறைமதி, நிறைமாதம் எதிலும் யாரும் எடையை நினைப்பதில்லை. மாற்றாக வந்த ‘சமகலவை’ காற்றும் பெட்ரோலும் சரிபாதி என்ற எண்ணத்தைத் தருவதால் அதை நான் ஏற்கவில்லை.

இனி, இந்தச் சொற்கள் வேலைக்கு ஆகுமா என்று கோளாறு பார்க்கிற இடத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். ஒரு பைக். 160 சிசி, ஒரே சிலிண்டர், பிஎஸ்6 புகை விதிமுறைப்படி, அதாவது 2020 ஏப்ரலுக்குப் பின் வந்தது. சைலன்சரைக் கழற்றி புகையை அதிகத் தடையின்றி வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டியிருக்கிறார்கள். அதன்பின் டப் டப் என்று வெடிப்பு, மைலேஜ் குறைவு, மஞ்சள் எஞ்சின் விளக்கு. ஸ்கேனரில் பி0171 என்ற பழுதுக் குறியீடு, அதாவது லீன் என்று வருகிறது. உடனே இதற்குக் காற்று அதிகமாகிவிட்டது, பெட்ரோலைக் கூட்ட ஒரு பிக்கிபேக் பெட்டி மாட்ட வேண்டும் என்று கிளம்பிவிடுவது வழக்கம். ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி மாதிரி கறுப்பாக, பெட்ரோல் வாடையோடு வருகிறது. குறைகலவையில் ஓடிய எஞ்சினின் பிளக் வெளுத்திருக்க வேண்டுமே?

நடந்தது இதுதான். சைலன்சர் குழாய் சிலிண்டர் தலையோடு சேருமிடத்தில் இணைப்பில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றாமல் பழையதையே திரும்பப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். அங்கே நூல் அளவு இடைவெளி. ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தமும் கடந்து போனதும் குழாய்க்குள் ஒரு கணம் அழுத்தம் இறங்கும், அந்தக் கணத்தில் வெளிக்காற்று அந்த இடைவெளி வழியாக உள்ளே இழுபடும். சற்றுத் தள்ளி இருக்கும் ஆக்சிஜன் உணரிக்கு அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. 0.45 வோல்ட்டின் இரு பக்கமும் மாறி மாறி ஆட வேண்டிய உணரி, 0.1, 0.2 என்று கீழேயே கிடக்கும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். சிலிண்டருக்குள் இருப்பது மிகுகலவை, உணரி சொல்வது குறைகலவை. சரியான வைத்தியம் புதுக் கேஸ்கெட். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவியும் வேண்டாம்: எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத் துணியால் ஒரு நொடி பாதி அடைத்துப் பிடித்தால் இணைப்பில் புஸ் புஸ் என்று கேட்கும். அந்த இடத்தைச் சுற்றி மெல்லிய கரிக்கோடும் தெரியும்.

இந்த நிலைக்கும் ஒரு பெயர் வேண்டும் என்பதை வலியுறுத்துகிறேன். ‘பொய்க்குறை’ என்று சொல்லலாம். பிளக் சரியாகப் பொறிவிடாமல் மிஸ்ஸிங் ஆனாலும் இதே பொய்க்குறைதான், எரியாமல் வெளியே வரும் பெட்ரோலோடு அதற்குரிய ஆக்சிஜனும் வந்துவிடுகிறது, உணரி ஆக்சிஜனை மட்டும்தான் எண்ணும். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பின் ஃபில்டர் அடைத்து, 2.5 அல்லது 3 பார் இருக்க வேண்டிய அழுத்தம் இறங்கிப்போனால் வருவது மெய்க்குறை. இரண்டுக்கும் ஸ்கேனரில் ஒரே எண். தமிழில் பழுதுநீக்கக் கையேடு எழுதுகிறவர் இந்த இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிவிட்டால், அதைப் படிக்கிற ஐடிஐ மாணவர் வாடிக்கையாளரின் பணத்தில் தேவையில்லாத பெட்டியை வாங்கி மாட்டுவார்.

அந்தப் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இசியுவுக்கும் பீச்சிக்கும் நடுவில் உட்கார்ந்து, பீச்சி திறந்திருக்கும் மில்லி நொடிகளை நீட்டிவிடுவதுதான் அதன் வேலை. உணரியைப் பார்த்து இசியு திருத்திக்கொண்டிருக்கிற நிதான ஓட்டத்தில் அது நீட்டியதை இசியு சில நிமிடங்களில் திரும்பக் குறைத்துவிடும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகும்போது இசியு உணரியைப் பார்ப்பதில்லை, உள்ளே பதிந்திருக்கும் அட்டவணையை மட்டும் பார்க்கும், அங்கேதான் பெட்டிக்கு வேலை. ஆகவே உணரியின் கம்பியிலும் கைவைக்காத பெட்டி எதுவும் நிதான ஓட்டத்தில் ஒன்றும் செய்யாது. கைவைத்தால் புகை அளவு, புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியின் ஆயுள் எல்லாம் கேள்விக்குறி.

இங்கேதான் ‘குளோஸ்டு லூப்’, ‘ஓபன் லூப்’ வருகிறது. மூடிய சுற்று, திறந்த சுற்று என்று எழுதியிருந்தவருக்கு என் மறுப்பு திட்டமானது. மின்னியலில் திறந்த சுற்று என்றால் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். உணரியின் வயர் அறுந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரோடு குனிந்திருப்பவரிடம், ‘வண்டி திறந்த சுற்றில் ஓடுகிறது’ என்று சொன்னால் அவர் வயரைத் தேடிக்கொண்டே இருப்பார். இங்கே சுற்று என்ற சொல்லையே தவிர்ப்போம். ‘திருத்தோட்டம்’, ‘அட்டவணையோட்டம்’ என்றால் எப்படி? உணரியைக் கேட்டுத் திருத்தி ஓடுவது ஒன்று, அட்டவணைப்படி ஓடுவது மற்றது. ‘பின்னூட்ட நிலை’ என்பதும் எனக்குச் சம்மதமே, கொஞ்சம் நீளம் என்பதைத் தவிர.

ஃபியூல் மேப்புக்கு ‘வரைபடம்’ வேண்டவே வேண்டாம். அது கட்டம் கட்டமாக எண்கள் நிறைந்த அட்டவணை, ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் ஆக்சிலேட்டர் திறப்பு. ‘பீச்சளவு அட்டவணை’ போதும். உணரியைப் பார்த்து இசியு அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபியூல் டிரிம் – ‘பீச்சளவுத் திருத்தம்’. அதில் ஷார்ட் டெர்ம் ‘உடன்திருத்தம்’, லாங் டெர்ம் ‘நிலைத்திருத்தம்’. மேலே சொன்ன கேஸ்கெட் பைக்கில் நிலைத்திருத்தம் கூட்டல் பக்கம் எல்லை வரை போய் முட்டிய பிறகுதான் எஞ்சின் விளக்கு எரிந்தது, அதனால் இந்தச் சொல் கையேட்டில் அடிக்கடி வரும். சுருக்கமாக இருப்பது அவசியம்.

மிகுகலவையா மிகைக்கலவையா, திருத்தோட்டமா பின்னூட்ட நிலையா என்ற இரண்டில் மட்டும் எனக்கு உங்கள் கருத்து உறுதியாகத் தெரிய வேண்டும். இலங்கையில் தொழில்நுட்பக் கல்லூரிகளில் தமிழில் படித்தவர்கள் யாராவது அங்கே வழங்கும் சொற்களைத் தந்தால் நல்லது, ஒரே பொருளுக்கு இரு கரையிலும் இரண்டு சொல் நிலைத்துவிடுவதை இப்போதே தடுக்க முடியும். அதுவரை கையேட்டு வரைவில் பி0171-க்கு நேராக, ‘குறைகலவை காட்டுகிறது, மெய்க்குறையா பொய்க்குறையா என்று முதலில் பிளக்கையும் சைலன்சர் இணைப்பையும் பார்க்கவும்’ என்று எழுதிவைக்கிறேன்.